முடவாட்டுக்கால் கிழங்கு: விரத மாதக் குளிருக்கு வாய்த்த சூப்

எங்கள் வீட்டில் கார்த்திகை பிறந்தால் கறிச்சட்டி பரணுக்கு ஏறிவிடும். கணவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். மகரவிளக்கு முடிந்து அவர் மாலையைக் கழற்றுவதற்குள் அத்தை தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதற்கான விரதத்தைத் தொடங்கியிருப்பார். ஆக, தை மாதம் பாதி கழியும் வரையில் வீட்டுக்குள் புலால் நுழைவதில்லை. ராசிபுரம் பக்கத்தில் குளிர் என்று சொல்லத்தக்க குளிர் அடிப்பதும் அந்த நாட்களில்தான். விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனால் தண்ணீர் விரலைக் கடிக்கும். இரவில் வாடைக்காற்று ஓட்டுச் சந்து வழியாக இறங்கும். பிள்ளைகள் இருவரும் மாறி மாறி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். வேறு மாதமாக இருந்தால் நான்கு ஆட்டுக்கால் வாங்கி வாட்டி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துப் படுக்கவைத்துவிடலாம். விரத மாதத்தில் அது ஆகாது என்பதால் கொள்ளு ரசத்தையும் செலவு ரசத்தையும் மாற்றி மாற்றி வைத்துவந்தோம். இரண்டும் நல்லவைதான், ஆனால் இரண்டுக்கும் சோறு வேண்டும். சோறு இல்லாமல், மாலை ஆறு மணிக்கு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்பதற்கு ஒன்று இல்லையே என்ற குறை ஆண்டுதோறும் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே இந்த முறை முடவாட்டுக்கால் கிழங்கைக் கையில் எடுத்தேன். கொல்லிமலையில் பச்சையாக வாங்கியது, நகரத்து நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததாக வாங்கியது, பொட்டலத்தில் பொடியாக வாங்கியது என்று மூன்று வடிவங்களிலும் சமைத்து, வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் கொடுத்து, அவர்கள் சொன்னதையும் நான் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலையில் வாங்கிய பச்சைக் கிழங்கு, தோலைச் சுத்தமாக நீக்கி, பொறுமையாகக் கொதிக்கவிட்டால், குளிர்காலத்துக்கு உரிய அருமையான சூப்பைக் கொடுக்கிறது. காய்ந்த கிழங்கு பாதி பலன் தருகிறது. பொடியை வாங்காதீர்கள்.

கிழங்கு என்று பெயர் இருந்தாலும் இது மண்ணுக்குள் விளைவதில்லை. பெரணி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் தண்டு இது. பாறை மீதும் பெரிய மரங்களின் கிளைகள் மீதும் ஒட்டிப் படர்கிறது. மரத்தின் மீது வளர்வதால் மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இது தங்குவதற்கு மட்டும் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் தொற்றுத் தாவரம். இதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் உள்ள வித்துத்தூளால்தான் பரவுகிறது. செடியைப் பார்த்தால் இரண்டு விதமான இலைகள் இருக்கும். ஒன்று நீளமாக, பச்சையாக, மேல்நோக்கி நிற்கும். மற்றொன்று குட்டையாக, காய்ந்த சருகைப்போலப் பழுப்பு நிறத்தில் தண்டை ஒட்டி மூடியிருக்கும். மரத்திலிருந்து உதிரும் சருகும் தூசும் அதற்குள் சேர்ந்து மக்கி, அதுவே செடிக்கு எருவாகிறது. மண்ணே இல்லாத பாறையில் இது பிழைத்துக் கிடப்பது இப்படித்தான். தாவரவியலார் இதனை டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்கிறார்கள். தண்டின் மேல் அடர்ந்திருக்கும் பழுப்பு நிறச் செதில் ரோமத்தைப் போலவே இருக்கும். தோல் உரிக்காத ஆட்டின் கால் ஒன்றை யாரோ வெட்டிப் போட்டுவிட்டுப் போனதைப் போலத் தோன்றும். ஆட்டுக்கால் என்ற பெயர் அந்தத் தோற்றத்தால் வந்தது. ‘முடவனையும் ஆட்டுவிக்கும் கால்’ என்று மலையில் சொல்லும் விளக்கம் கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

மார்கழி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அறப்பளீசுவரரைக் கும்பிடப் போனபோதுதான் கிழங்கை வாங்கினேன். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி சேர்ந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினால் சோளக்காடு வரும். வளைவுக்கு வளைவு காற்றின் குளிர்ச்சி கூடுவதைப் பிள்ளைகள் கைகளை வெளியே நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மேலே ஏறியதும் சாலையோரத்தில் பலாவும் மலைவாழையும் மிளகும் விற்கும் இடங்களில் இந்தக் கிழங்கும் குவியலாகக் கிடக்கும். நான் வாங்கியது செம்மேட்டுக்கு அருகில், சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு ஆயாவிடம். கிலோ 250 ரூபாய் என்றார்; ஒரு கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றதும் 200 ரூபாய்க்குக் கொடுத்தார். விலையைவிட அவர் கற்றுக்கொடுத்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஒரு கிழங்கை எடுத்து நுனியை அரிவாளால் சீவிக் காட்டி, “உள்ள வெளிர்பச்சையா, ஈரமா இருக்கோணும் கண்ணு. கறுத்திருந்தா வேண்டாம். கையில தூக்குனா கனக்கோணும்” என்றார். சீவிய இடத்தை உற்றுப் பார்த்தேன்: வெள்ளரிக்காயின் உட்புறத்தைப்போல வெளிறிய பச்சை, அதன் ஓரத்தை ஒட்டி ஊசியால் குத்தியதைப் போன்ற கரும்புள்ளிகள் வட்டமாக அமைந்திருந்தன. மழை விட்ட பிறகு மரத்தடியில் வருமே, அந்த ஈரப்பாசி மணம் அதில் இருந்தது. கனமான ஐந்து துண்டுகளை அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

வீட்டுச் சூப்பை எதனோடு ஒப்பிடுவது என்பதற்கும் அன்றே ஓர் அளவுகோல் கிடைத்தது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை இறங்கி, குளித்து, மறுபடியும் ஏறி வந்து மூச்சு வாங்க நின்றபோது, மேலே ஒரு தள்ளுவண்டியில் இந்தச் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஆறு டம்ளர் வாங்கினோம். நனைந்த தலையும் நடுங்கும் தாடையுமாக நின்ற பிள்ளைகள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் குடித்து முடித்தார்கள். காரத்தையும் மிளகையும் தாராளமாகப் போட்டிருந்தார்கள். ஆனாலும் அடியில் கிழங்கின் சாரம் தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவீர்கள் என்று கேட்டதற்குக் காலையில் ஏற்றிய அடுப்பு என்று பதில் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கீழே நம் அடுப்பில் வேகும் வேகத்தில் அங்கே எதுவும் வேகாது. விறகு அடுப்பில் நீண்ட நேரம் கிடப்பதால் அந்தச் சூப்புக்கு வந்த ஆழத்தை வீட்டிலும் கொண்டுவர வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டில் முதல் முறை வைத்த சூப்பு சரியாக வரவில்லை. தவறு என்னுடையது, கிழங்கினுடையது இல்லை. சமைக்கத் தொடங்கும்போதே விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், உருளைக்கிழங்கைச் சீவுவதைப்போல மேலாகச் சீவி, அங்கங்கே ஒட்டியிருந்த பழுப்பு ரோமத்தைக் கழுவினால் போய்விடும் என்று விட்டுவிட்டேன். அது போகவில்லை. கொதித்த பிறகு மெல்லிய இழைகளாகப் பிரிந்து மேலே மிதந்தது. வடிகட்டியும் முழுதாக வடியவில்லை. மகன் இரண்டு மிடறு குடித்ததும் தொண்டை கரகரக்கிறது என்று இருமத் தொடங்கினான். சளியைத் தணிக்க வைத்த சூப்பு அவனை அரைமணி நேரம் இருமவைத்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றைய சூப்பு முழுவதையும் கொட்டிவிட்டேன்.

எனவே இந்தக் கிழங்கை வாங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தோல் நீக்குவதைப் பற்றித்தான். கிழங்கை முதலில் இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முழுதாக வைத்துக்கொண்டு சீவினால் வளைவுகளில் கத்தி போகாது. துண்டுகளைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் செதில் இளகும். பிறகு அரிவாள்மனையில் வைத்து, பழுப்பு நிறம் துளியும் தெரியாத வரையில், கொஞ்சம் சதை போனாலும் பரவாயில்லை என்று ஆழமாகவே சீவுங்கள். இடுக்குகளில் ஒட்டியிருக்கும் ரோமத்தைக் கத்தியின் நுனியால் நோண்டி எடுக்க வேண்டும். சீவிய கையைக் கழுவாமல் முகத்தில் வைக்க வேண்டாம். அந்தத் தூசு பட்ட இடம் அரிப்பதை நான் அனுபவித்தேன். கடைசியாக மூன்று தண்ணீரில் கழுவி, மூன்றாவது தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி இழை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கால் கிலோ கிழங்குக்கு எனக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்த வேலைக்குப் பொறுமை இல்லாத நாளில் இந்தச் சூப்பை நினைக்கவே வேண்டாம். கொள்ளு ரசம் வைத்துவிடலாம்.

தோல் போன பிறகு வேலை எளிது. ஆறு பேருக்குக் கால் கிலோ கிழங்கு போதும். மெல்லிய வில்லைகளாக அரிந்து, அம்மியில் வைத்து ஒன்றிரண்டாக நசுக்கிக்கொள்கிறேன். மிக்சியில் விழுதாக அரைத்தும் ஒரு முறை பார்த்தேன். சூப்பு கெட்டியாக வந்தது, ஆனால் துவர்ப்பு அதிகமாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. நசுக்கிய கிழங்கை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போட்டு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, நாட்டுத் தக்காளி இரண்டு ஆகியவற்றைத் தட்டிச் சேர்த்து மண்சட்டியில் ஏற்றுகிறேன். கொதி வந்ததும் தீயைத் தணித்து, மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, ஒன்றரை லிட்டர் ஒரு லிட்டராகச் சுண்டும் வரையில் விட்டுவிடுகிறேன். இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். நேரம் இல்லையென்றால் குக்கரில் ஆறு விசில் விடலாம். உள்ளே அழுத்தம் ஏறி வெப்பம் 120 டிகிரியை எட்டுவதால் கிழங்கு விரைவாக வெந்துவிடுகிறது. ஆனால் திறந்த சட்டியில் சுண்டும்போது வரும் அடர்த்தி குக்கரில் வரவில்லை. வடிகட்டிய பிறகு பத்து நிமிடம் தனியாகக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்க வேண்டியிருந்தது.

மிளகைத் தொடக்கத்திலேயே போட்டுவிடும் பழக்கத்தை மட்டும் இதில் விட்டுவிட வேண்டும். மிளகின் காரம் கொதியைத் தாங்கும். மணம் தாங்காது, ஆவியோடு போய்விடும். ஆகவே கொல்லிமலை மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, மல்லி அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை வெறும் சட்டியில் லேசாக வறுத்து, உரலில் கொரகொரப்பாக இடித்து, சூப்பை வடிகட்டிய பிறகு சேர்த்து ஒரே ஒரு கொதி விடுகிறேன். உப்பும் அப்போதுதான். கடலெண்ணெயில் கறிவேப்பிலையும் நான்கு சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டி, மல்லித்தழை தூவினால் முடிந்தது. எங்கள் வீட்டு விரதத்தில் வெங்காயமும் பூண்டும் உண்டு. கிருத்திகை அன்று மட்டும் இரண்டையும் நீக்கிவிட்டு, இஞ்சியைக் கூட்டி, தக்காளியை மூன்றாக்கி வைத்தேன். சற்று ஒல்லியாக இருந்தாலும் அதுவும் குடிக்கத்தக்கதாகவே இருந்தது.

சுவை எப்படி என்ற கேள்விக்கு வருகிறேன். ‘ஆட்டுக்கால் சூப்பின் சுவை அப்படியே இருக்கும்’ என்று மலையிலும் சொன்னார்கள், சந்தையிலும் சொன்னார்கள். அப்படியே இருக்கும் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆட்டுக்காலைத் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, மணிக்கணக்கில் கொதிக்கவிடும்போது, தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் உருகி ஜெலட்டினாக மாறுகிறது. அதனால்தான் அந்தச் சூப்பைக் குடித்த பிறகு உதடுகள் ஒட்டுகின்றன, ஆறவைத்தால் கூழ்போல உறைகிறது. கொலாஜன் விலங்கின் உடலில் மட்டுமே உள்ளது. எந்தச் செடியிலும் கிடையாது. முடவாட்டுக்கால் சூப்பு உதட்டில் ஒட்டாது, ஆறினாலும் உறையாது. அந்த ஒட்டலைத் தேடிக் குடிக்கிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள்.

ஆனாலும் அந்த ஒப்புமை வெறும் பேச்சும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தால், நாக்கின் நடுவில் எலும்புச் சாற்றில் வரும் அந்த நிறைவான, சற்றே மண்வாசம் கலந்த சுவை தெரிகிறது. தக்காளி ரசத்திலோ காய்கறிச் சூப்பிலோ அது வருவதே இல்லை. விழுங்கிய பிறகு லேசான துவர்ப்பு ஒன்று நாக்கின் ஓரத்தில் நிற்கிறது. நெல்லிக்காயின் துவர்ப்பைவிட மெல்லியது. அடுத்த மிடறு மிளகுக் காரத்தோடு இறங்கும்போது அது மறைந்துவிடும். எனக்கு அந்தத் துவர்ப்பு பிடித்திருக்கிறது. ஒன்பது வயது மகளுக்கு முதலில் பிடிக்கவில்லை; தக்காளியைக் கூட்டிய பிறகு குடித்தாள். புலாலை விரும்பி உண்ணும் மாமாவுக்கு இது மிகவும் பிடித்துப் போனது. பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொடுத்ததை வாசல் திண்ணையில் உட்கார்ந்து மெல்லக் குடித்துவிட்டு, “அடியில கொஞ்சம் இருந்தா ஊத்து கண்ணு” என்று டம்ளரை நீட்டினார். விரத மாதத்தில் அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய உணவு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

வடிகட்டிய சக்கையை நான் எறிந்துவிடுகிறேன். நாராகக் கிடக்கும் அதில் சுவை எதுவும் மிச்சமில்லை.

பச்சைக் கிழங்கு நன்றாகவே தாங்குகிறது என்பதும் வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. மிச்சமிருந்த துண்டுகளைக் கழுவாமல், தோலோடு, சணல் கயிற்றில் கட்டிச் சமையலறைச் சன்னலோரம் காற்றாடத் தொங்கவிட்டேன். பன்னிரண்டாம் நாள் வெட்டியபோதும் உள்ளே பச்சை மாறாமல் இருந்தது. ஒரு துண்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். அது ஒரு வாரத்துக்குள் வேர்த்து, பூசணம் பிடித்துவிட்டது. பாறையில் வெயிலையும் வறட்சியையும் தாங்கிக் கிடக்கும் செடி, மூடிய பையின் ஈரத்தைத் தாங்கவில்லை.

மலைக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வது என்று அறிவதற்காக நகரத்து நாட்டு மருந்துக் கடை ஒன்றில் 100 கிராம் காய்ந்த கிழங்கு வாங்கினேன். ரோமம் நீக்கி, வில்லைகளாக்கி உலர்த்தியிருந்தார்கள். எனவே தோல் நீக்கும் பாடு இல்லை. விறகுச் சிராய்போல இறுகிக் கிடந்ததை இரவு முழுவதும் ஊறவைத்துத்தான் நசுக்க முடிந்தது. சூப்பில் அந்த மண்வாசம் இருந்தது. பச்சைக் கிழங்கில் உள்ள நிறைவு இல்லை. தண்ணீரைக் குறைத்து, ஒரு லிட்டரில் தொடங்கி அரை லிட்டருக்குக் கொண்டுவந்தபோது ஓரளவு சமாளிக்க முடிந்தது. வெளியூரில், குளிர் அதிகமான இடத்தில் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்புவதற்கு இந்த வடிவம் ஏற்றது என்று சொல்லலாம். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள்; ஈரக் கோணிப்பை வாசம் வந்தால் வேண்டாம்.

பொடியைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை. 100 கிராம் பொட்டலம் 180 ரூபாய். முன்பக்கத்தில் கிழங்கின் பெரிய படம். வெந்நீரில் கலந்தால் இரண்டு நிமிடத்தில் சூப்பு தயார் என்று எழுதியிருந்தது. கலந்து குடித்தபோது உப்பும் மாவும்தான் நாக்கில் பட்டன. பொட்டலத்தைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படித்தேன்: முதலில் மக்காச்சோள மாவு, அடுத்து உப்பு, பிறகு மிளகு, நான்காவதாகத்தான் கிழங்குப் பொடி. உணவுப் பொட்டலங்களில் உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை அந்த வரிசையிலேயே அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அப்படியானால் நான் கொடுத்த 180 ரூபாயில் பெரும்பகுதி சோள மாவுக்கும் உப்புக்கும் போயிருக்கிறது. பட்டியலை வாங்குமுன் படிக்காதது என் பிழை. ஆனால் பெயரில் கிழங்கையும் பைக்குள் மாவையும் வைத்து விற்பது நேர்மையான வியாபாரம் ஆகாது. எல்லாப் பொடியும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்கியே ஆக வேண்டும் என்றால், கிழங்கின் பெயர் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, பெயரில் உள்ள அந்த நம்பிக்கை. மூட்டு வலி போகும், எலும்பு உறுதிப்படும், முடவரும் நடப்பர் என்று விற்பனை இடங்களில் நோய்களின் பட்டியலையே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. அவர் இந்தச் சூப்பை மார்கழி, தை இரண்டு மாதத்திலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது குடித்தார். வலி குறைந்ததா என்று நானும் ஆவலோடு கேட்டுக்கொண்டே இருந்தேன். “குடிக்கறப்ப நல்லா இருக்குது, படியேறறப்ப அதே வலிதான்” என்றார். ஒருவருடைய அனுபவத்தை வைத்து நான் மருத்துவம் பேசவில்லை. சித்த மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துவது தெரியும், அவர்களிடம் கேட்டு முறையாக எடுத்துக்கொள்வது வேறு. சாலையோரப் பலகையை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூப்பைக் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைக்குக் கொடுக்க எண்ணுகிறவர்களும் கட்டாயம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சூடும் மிளகும் இஞ்சியும் சேர்ந்து மூக்கடைப்பை இளக்கி, உடம்புக்கு இதம் தரும். அந்த இதத்துக்காக வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இந்தச் செடியை யாரும் வயலில் நட்டு வளர்ப்பதை நான் பார்க்கவில்லை. மலையிலிருந்து வருவது பெரும்பாலும் பாறையிலும் மரத்திலும் தானாக வளர்ந்ததுதான். சுற்றுலா வருகிறவர்கள் ஆளுக்கு மூன்று கிலோ, ஐந்து கிலோ என்று மூட்டை கட்டிக்கொண்டு போவதைக் கண்டேன். செம்மேட்டு ஆயாவிடம் இதைச் சொன்னபோது, “நாங்க மொத்தமாப் பேக்கறதில்ல. நுனிய விட்டுப்போட்டுத்தான் வெட்டுவோம். விட்ட நுனி மறுபடி படரும்” என்றார். அவர் காட்டும் அந்தக் கவனம் வாங்கும் நமக்கும் வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு குளிர்காலத்தில் ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் தேவைப்படாது. வழியில் மரத்தில் தென்படுகிறதே என்று நாமே இறங்கிப் பிடுங்குவது கூடவே கூடாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதைப் பறித்தாலும் அது குற்றம். மலைவாழ் மக்களிடம் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. பேரம் பேசி அவர்கள் விலையை இறக்கவும் வேண்டியதில்லை. முதல் முறை நான் 50 ரூபாய் குறைத்து வாங்கியதை நினைத்து, தை பிறந்ததும் மறுபடி மலைக்குப் போன உறவினரிடம் சொல்லி அனுப்பியபோது கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவரச் சொன்னேன்.

அத்தை பழனிக்கு நடக்கக் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, கயிற்றில் கடைசியாகத் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு துண்டுகளையும் அறுத்து எடுத்தேன். அன்று தோல் சீவும் வேலையை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெள்ளைக் கிண்ணத்தில் மூன்றாவது தண்ணீரை ஊற்றி, விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, “ஒரு முடிகூட இல்லம்மா” என்றாள். மண்சட்டி அடுப்பில் சுண்டிக்கொண்டிருந்தபோது, அத்தை தோள்பையில் மாற்றுப்புடவையும் திருநீற்றுப் பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கூட நடக்கும் பெண்கள் நால்வரும் விவரம் பேச வந்திருந்தார்கள். ஒரு லிட்டரை ஒன்பது டம்ளரில் பங்கிட்டதால் ஆளுக்கு அரை டம்ளர்தான் கிடைத்தது. வந்தவர்களில் ஒருவர் முதல் மிடறிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஏனுங்க, மாலை போட்டிருக்கறப்ப கால் சூப்பு வைக்கறீங்களா?” என்று பதறிவிட்டார். அத்தை சிரித்துக்கொண்டே சமையலறைக்கு வந்து, சீவிப் போட்டிருந்த பழுப்புத் தோலைக் கையில் அள்ளிப் போய் அவரிடம் காட்டினார். அவர் அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.